அங்குலம் நானூறு ரூபாய்

2014 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிடம். வெயில் இன்னும் இறங்கவில்லை. மேற்கிலிருந்து அடித்த காற்றில் சாம்பல் வாடை இருந்தது. மழை வரும்போல ஒரு கால் மணி நேரம் இருட்டிக் காட்டிவிட்டு வராமலே போனது. அந்த நேரத்தில்தான் அந்த மீன் என் வீட்டுக்குள் வந்தது.

இவ்வளவும் எனக்கு நினைவிருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். எழுதி வைத்திருக்கிறேன். அந்த ஆண்டு மே மாதச் சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. எதையும் சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுவதுதான் என் வழக்கம். முன்பக்கம் கம்பெனி எழுதும் கணக்கு, பின்பக்கம் நான் எழுதும் கணக்கு. நிலக்கரி மைன்ஸின் டைம் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் மற்றவர்களின் வருகையை எண்ணியவன் நான். நானூற்று இருபது சீட்டுகள், ஒன்று குறையாமல், பரணில் கட்டாகக் கிடக்கின்றன.

இன்று காலை அந்தக் கட்டை இறக்க வைத்தது ஒரு கரப்பான்.

வடலூர் சாலையில் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் இப்போது நானும் என் மனைவி கோமதியும் மட்டும் இருக்கிறோம். குளியலறை மூலையில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, எடுத்து வெளியே விடுங்கள் என்றாள். முறமும் துடைப்பமும் எடுக்கத்தான் திரும்பினேன். அதற்குள் என் வலது கை, என்னைக் கேட்காமலே கீழே போய், இரண்டு விரலால் அதன் முதுகை அழுத்தி, இறக்கையோடு சேர்த்துத் தூக்கிவிட்டது. பதினோரு வருஷத்துக்குப் பிறகு! ஆறு காலும் காற்றில் துழாவின. மீசை என் கட்டை விரலைத் தடவியது.

கோமதி கரப்பானைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தாள்.

"அந்தக் கை இன்னும் மறக்கலையா?" என்றாள்.

மதிலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்து மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். போகவில்லை. காறிப்போன எண்ணெயும் ஈரச் சாக்கும் கலந்த அந்த வாடை கழுவினால் போகாது என்று எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. இதை எழுதும்போதுகூடக் கன்னத்தை இடது கையால்தான் சொறிந்துகொள்கிறேன்.

மீன் ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். மாதம் இரண்டு முறை வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓர் அதிகாரியின் அறைக்குக் கையெழுத்துக்குப் போவேன். அவர் தொலைபேசியை வைக்கும் வரை நின்றுகொண்டிருக்க வேண்டும். சராசரி இருபத்திரண்டு நிமிடம். அந்த அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. மேஜை, கோப்பு, என் சட்டைக் காலர், எதை எடுத்தாலும் கரித்தூள் படிந்த இடத்தில், அந்தத் தண்ணீர் ஒன்றுதான் சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் கால் வலிக்காது. வீட்டிலும் ஒரு சின்னத் தொட்டியில் கப்பீஸ் என்ற குட்டை மீன்களை வளர்த்தேன். அவை எவ்வளவு குட்டி போட்டாலும் எண்ணிவிடுவேன். மறுநாள் எண்ணினால் குறையும். தாயே தின்றுவிடும் என்று தெரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது. அதிலேயே பாடம் கற்றிருக்கலாம்.

இங்கே வேறொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். 1988இல், எங்கள் மூத்த பெண் மூன்று வயதில் காய்ச்சலில் கிடந்து பிழைத்தபோது, நானும் கோமதியும் வடலூர் சபையில் போய் நின்று, இனி உயிர் கொல்வதில்லை, புலால் தின்பதில்லை என்று வாக்குக் கொடுத்தோம். எனக்கு அதில் ஒரு பைசா செலவில்லை. சின்ன வயதிலிருந்தே மீன் வாடை எனக்கு ஆகாது, தட்டில் ஒதுக்கி வைப்பவன். கோமதி அப்படியில்லை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. சாளைக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காத வீட்டில் பிறந்தவள். அவள்தான் விட்டாள். நான் விடுவதற்கு ஒன்றுமே வைத்திருக்கவில்லை. ஆனால் நாங்கள் அப்போது இருந்த கம்பெனிக் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் பூசத்துக்கு அன்னதானம் போடும் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் பெரிய சன்மார்க்கி என்று எனக்குத்தான் பெயர்.

2013 ஏப்ரலில் மந்தாரக்குப்பத்தில் ஏழுமலையின் கடைக்குள் நுழைந்தேன். காலையில் அவன் மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கரி அள்ளும் கான்ட்ராக்ட் தொழிலாளி. மாலையில் மீன் கடை முதலாளி. எட்டடிக்கு ஆறடிக் கடை, பன்னிரண்டு தொட்டி. பதினோரு தொட்டியில் எல்லோரும் வாங்குகிற மீன்கள். பன்னிரண்டாவதில் தனியாக ஓர் அரோவானா. வெள்ளித் தகட்டை நறுக்கி விட்டதுபோல ஓர் உடம்பு. அவசரமே கிடையாது. தொட்டியின் முனைக்கு வந்ததும், திரும்புவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத் திரும்புவதுபோலத் திரும்பும். வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டம் என்று அப்போது ஊரெல்லாம் வாஸ்துப் பேச்சு. அதைக் கேட்டாலே எனக்கு ஆகாது. எனக்கு அதிர்ஷ்டம் வேண்டாம். அந்தத் திரும்பல்தான் வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் ஏழுமலையே கேட்டுவிட்டான்.

"டெய்லி வந்து பாத்துக்கினே இருக்கீங்களே சார், வாங்கறீங்களா, இல்ல சும்மா கண்ணு வெச்சிக்கினு போறீங்களா?"

"என்ன விலை?"

"அங்குலம் நானூறு."

துணியா மீட்டரில் விற்க என்று நினைத்தேன். பெரிய மீன்களை அப்படித்தான் விற்பார்களாம். அன்றைக்கு அது ஐந்து அங்குலம். ஆக இரண்டாயிரம். அது வளரும் மீன், ஆகவே நான்கடித் தொட்டியும் இரும்புத் தாங்கியும் வேண்டும், ஆறாயிரத்து ஐந்நூறு. மோட்டார், வடிகட்டி, விளக்கு ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது. மொத்தம் பத்தாயிரத்து முந்நூற்று ஐம்பது.

அந்த நாளில் எனக்கு அது மலை. வீட்டுக் கடன் பிடித்தம், சொசைட்டிக் கடன் பிடித்தம், இரண்டாவது பெண்ணின் இன்ஜினியரிங் கல்லூரிக் கட்டணம் எல்லாம் போக, மாதக் கடைசியில் கோமதி பருப்பை எண்ணித்தான் போடுவாள். மீனுக்குச் சேர்க்கப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். குடிக்கிறீர்களா, சீட்டாடுகிறீர்களா, மீன்தானே என்றாள். வீட்டுச் செலவில் மட்டும் கை வைக்கக் கூடாது என்றாள்.

ஆகவே என் செலவில் கை வைத்தேன். கேன்டீன் டீயும் வடையும் நிறுத்தினேன், மாதம் நூற்றைம்பது. ஸ்கூட்டரைப் போர்த்தி வைத்துவிட்டுச் சைக்கிள், ஐந்நூறு. செய்தித்தாளை நிறுத்திவிட்டு நூலகத்தில் படித்தேன், நூற்று முப்பது. முடி வெட்டுவதைத் தள்ளிப்போட்டு, ஒரு பிளேடைப் பதினோரு நாள் இழுத்து, எழுபது. ஆக எண்ணூற்றைம்பது. பதின்மூன்று மாதத்தில் மீன் என்று எழுதிவைத்தேன்.

எழுதாமல் விட்டது ஒன்று. மீன் வளரும். மாதம் ஓர் அங்குலம் வளர்ந்தது. நான் எண்ணூற்றைம்பது சேர்த்தால் அது நானூறு ஏறிக்கொள்ளும். ஜூலைக் கடைசியில் என்னிடம் மூவாயிரத்து நானூறு இருந்தது. அது ஒன்பது அங்குலம் ஆகி மூவாயிரத்து அறுநூறில் நின்றது. நான் வடையை விட்டு மெலிகிறேன், அது என் கண் முன்னால் விலை ஏறுகிறது. தொட்டிக்கு அந்தப் பக்கம் அது வாயை ஒருமுறை திறந்து மூடும்போது, என்னைப் பார்த்துத்தான் செய்கிறது என்று தோன்றும்.

அப்போதுதான் நான் அந்த வேலையைச் செய்தேன். இந்தக் கட்டுரையில் கரப்பான் வரப்போகிறது, ஈசல் வரப்போகிறது. ஆனால் எனக்கு இன்றைக்கும் அதிகம் அருவருப்பாக இருப்பது இதுதான்.

"ஏழுமலை, இதுக்குத் தீனியக் கொஞ்சம் கம்மி பண்ண முடியுமா?"

அவன் கையிலிருந்த வலையைத் தொட்டி மேல் வைத்தான். "ஏன் சார்?"

"வளர்ச்சி கொஞ்சம் நிதானமா இருந்தா நல்லது."

புரிந்ததும் சிரித்தான். "வயித்துல அடிக்கச் சொல்றீங்க. நீங்க வடலூரு போற ஆளுதான சார்?"

"நிறுத்தச் சொல்லலை. பாதியாக்கு."

"செரி. உங்கள வுட்டா வேற எவன் வாங்கப் போறான் இத்த. ஒரு நாளைக்கு எட்டு ரூவா தீனி ஆவுது, நாலு ரூவாயா ஆக்கிடறேன்."

வீட்டுக்கு வந்து சீட்டின் பின்னால் எழுதினேன்: தீனி நாளொன்றுக்கு ரூ. 8, இனி ரூ. 4. எட்டு ரூபாய்க்கு என்ன தீனி என்று கேட்கத் தோன்றவில்லை. நான் கடைக்குப் போவதெல்லாம் மாலையில். அந்த நேரத்தில் மற்றத் தொட்டிகளில் அவன் சிவப்பு உருண்டைத் தீனியைத் தூவிக்கொண்டிருப்பான். இதற்கும் அதுதான் என்று நானே வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அது மாதம் அரை அங்குலம்தான் வளர்ந்தது. என் கணக்கு ஜெயித்தது.

இன்னும் கொஞ்சம் ஜெயிக்கட்டும் என்று, வருஷத்துக்கு ஒரு ஜோடி கம்பெனியில் கொடுக்கும் சேஃப்டி ஷூவைப் புதிதாகவே மந்தாரக்குப்பத்தில் ஒரு செருப்புக் கடையில் எழுநூறுக்கு விற்றேன். இரண்டு வருஷம், இரண்டு ஜோடி. காலில் 2012ஆம் வருஷத்து ஷூ. அடியில் சைக்கிள் டியூப் ஒட்டியிருந்தது. மழைக்காலத்தில் அதற்குள் தண்ணீர் போய், கரித்தூளும் வியர்வையும் ஊறி, ஒரு நாற்றம் எடுக்கும் பாருங்கள். கோமதி அதை முருங்கை மரத்துக்கு இந்தப் பக்கம் வரவிடவில்லை. டைம் ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர், "அண்ணே, மேசைக்கு அடியில எலி கிலி செத்துக் கெடக்கா பாருங்க" என்று தினமும் குனிந்து பார்ப்பதுபோல நடிப்பார். ஒருநாள் ஏழுமலையின் காலைப் பார்த்தேன். புது ஷூ, எட்டாம் நம்பர், நாக்கின் மேல் நான் பேனாவால் போட்ட புள்ளி. தொள்ளாயிரத்துக்கு வாங்கினானாம். நேராக அவனிடமே விற்றிருந்தால் இருநூறு மிஞ்சியிருக்கும் என்றுதான் என் புத்தி போயிற்று.

பதினான்காம் மாதம் முடிந்தது. பதினோராயிரத்துத் தொள்ளாயிரம் சேமிப்பு, ஷூ ஆயிரத்து நானூறு, பழைய செய்தித்தாளை எடைக்குப் போட்டது ஐம்பது. ஆக பதின்மூவாயிரத்து முந்நூற்று ஐம்பது. தொட்டியும் மோட்டாரும் வெள்ளிக்கிழமையே வந்து, தண்ணீர் நிரப்பித் தயாராக நின்றன. ஞாயிற்றுக்கிழமை இரும்பு ஸ்கேலோடு கடைக்குப் போனேன். ஏழுமலை மீனைக் கண்ணாடியோரம் ஒதுக்கிப் பிடித்தான். மூக்கிலிருந்து வால் நுனிவரை பதினான்கு அங்குலம். வாலைச் சேர்க்கக் கூடாது என்றேன் நான்.

"வால வுட்டுட்டு அளந்தா அது மீனே இல்ல சார். அப்ப வால வெட்டி வெச்சிக்கினு மீதிய எடுத்துக்கினு போங்க."

வாலில் பாதி என்று முடிந்தது. பன்னிரண்டரை அங்குலம், ஐயாயிரம் ரூபாய். என்னிடம் இருந்ததும் மிகச் சரியாக அதுதான். தொட்டிக்கு வலை மூடி ஒன்று இருநூற்று எண்பது என்றான், இந்த மீன் எம்பும், கட்டாயம் வேண்டும் என்றான். வீட்டில் அட்டைப் பெட்டி இருக்கிறது, வைத்து மூடிக்கொள்கிறேன் என்றேன்.

தன் மொபெட்டில் பெயின்ட் வாளியை வைத்து அவனே கொண்டுவந்து விட்டான். விளக்கைப் போட்டோம். அது ஒரு சுற்று வந்து, முனையில் நின்று, யோசித்து, திரும்பியது. பதினான்கு மாத வடையும் அந்த ஒரு திரும்பலில் இருந்தது என்று எனக்குத் தோன்றியது. கோமதிகூடக் கை துடைத்துக்கொண்டு வந்து நின்று பார்த்தாள். அழகாகத்தான் இருக்கிறது என்றாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என்ன சாப்பிடும்?"

பதினான்கு மாதத்தில் நான் கேட்காத கேள்வி. உருண்டைத் தீனி என்றேன்.

அது உருண்டைத் தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை. தீனி ஊறிப்போய்ச் சிவப்புச் சேறாக அடியில் படிந்தது. ஐந்து நாள். ஆறாம் நாள் மந்தாரக்குப்பம் ஓடினேன்.

"அது அதெல்லாம் தின்னாது சார். உசுரோட ஓடணும், அப்பதான் வாயத் தொறக்கும். நான் காலீல குட்டி மீனு வுடுவேன்."

"எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லியே சார். தீனி எவ்ளோன்னு கேட்டீங்க, சொன்னேன். என்னா தீனின்னு கேட்டீங்களா?"

திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டாயிரம் தருகிறேன் என்றான். மூவாயிரம் நஷ்டம். அந்த இடத்தில் திரும்பியிருக்கலாம். வாக்கு மூவாயிரம் ரூபாய்க்குப் பிழைத்திருக்கும். நான் மனதுக்குள் கழித்துப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு அவனே வழி சொன்னான். காசு கொடுக்க மனசு வராவிட்டால் கரப்பான் பிடித்துப் போடுங்கள், குவார்ட்டர்ஸில் அதற்கா பஞ்சம் என்றான்.

கரப்பானை ஊரில் எல்லோரும் மிதித்துத்தான் கொல்கிறார்கள், அது ஓர் உயிரா என்று சைக்கிளில் வரும்போதே நியாயம் தயாராகிவிட்டது.

முறையைச் சொல்கிறேன், அருவருப்பாக இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். அகல வாய்க் கண்ணாடிப் பாட்டில் ஒன்று. உள் விளிம்பில் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். அடியில் பலாச் சக்கை. ஜூன் மாதம், பலாவுக்குக் குறைவில்லை. கழுவுதொட்டிக்கு அடியில் வைத்துவிட்டால், விடியற்காலை நான் முதல் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் ஐந்தோ ஆறோ ஏழோ உள்ளே சறுக்கிச் சறுக்கி விழுந்துகொண்டிருக்கும். பாட்டிலைத் திறந்தால் புளித்த பலாவும் அதுகளின் எண்ணெய் வாடையும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். முதல் வாரம் இடுக்கியால் எடுத்தேன். கால் கழன்று வந்தது. பிறகு விரல்தான் வசதி என்று கண்டுகொண்டேன். தண்ணீர் மேல் விட்டதும் அது நீந்தப் பார்க்கும். மீன் அடியிலிருந்து நிதானமாக வரும். கீழ்த்தாடை கதவுபோல இறங்கும். ஒரு சத்தம், அப்பளம் நொறுங்குவதுபோல. அதன் பிறகு ஒரு கால் மட்டும் மேலே மிதக்கும். நான் சீட்டின் பின்னால் ஒரு கோடு போடுவேன்.

ஏன் எண்ணினேன் என்று கேட்காதீர்கள். எண்ணாமல் எனக்கு எதையும் செய்யத் தெரியாது.

வீட்டில் கரப்பான் குறைந்தது. கோமதிக்கு ஒரே ஆச்சரியம். நம் விரதத்துக்கு அதுகளே ஒதுங்கிவிட்டன என்று பக்கத்து வீடுகளில் சொன்னாள். ஆகஸ்டில் எங்கள் வீட்டில் சுத்தமாகத் தீர்ந்துபோனது. பின்பக்கச் சாக்கடை மூடிகளைத் தூக்க ஆரம்பித்தேன், எங்கள் வீட்டுடையது, அடுத்த வீட்டுடையது, அதற்கடுத்தது. விடியற்காலையில் ஒரு மனிதர் குனிந்து சாக்கடையைக் கிளறினால் என்னவென்று கேட்பார்களே. பிளாக் சுத்தம் என்றேன். ரிட்டயர் ஆகும் வயதில் இப்படி ஒரு பொதுத்தொண்டா என்று எனக்குப் பொன்னாடை போர்த்துவதாகப் பேச்சு கிளம்பியது. எதிர்வீட்டு அம்மாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "சார், எங்க வூட்லயும் நெறைய கீதுங்க, வந்து புடிச்சிக்கினு போங்க" என்று கூப்பிட்டு வேறு சொன்னார்.

செப்டம்பர் 7, ஞாயிறு, காலை ஆறு மணி. கோமதி கோலம் போட்டுவிட்டு வாசலில் இருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் அரிசி மாவில்தான் கோலம் போடுவாள், எறும்பு தின்னட்டும் என்று. மாவுக் கிண்ணத்தோடு கூடத்தில் நின்றிருக்கிறாள். அப்பளச் சத்தம் கேட்டு நான் திரும்பும்போது எனக்குப் பின்னால் இருந்தாள். என் விரலில் அடுத்தது ஆடிக்கொண்டிருந்தது.

கத்துவாள் என்று நினைத்தேன். அவளுக்கு என்னைத் தெரியும். அதனால் ஒரு சொல்தான் கேட்டாள்.

"எத்தனை?"

இதுதான் முதல் என்று சொல்லியிருக்கலாம். வேறு எந்தப் புருஷனும் அப்படித்தான் சொல்லியிருப்பான். என் வாயில் பொய் வரும், ஆனால் தப்பான எண் வராது.

"ஐந்நூத்துப் பதினொண்ணு."

கையிலிருந்ததை நழுவ விட்டேன், அது சுவரோரம் ஓடிப்போனது. கோமதி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"நான் சாளைய விட்டு இருபத்தாறு வருஷம் ஆச்சுங்க" என்றாள். "இன்னும் பஸ்ஸுல பக்கத்து சீட்டுல யாராச்சும் கருவாடு வச்சிருந்தா எச்சி ஊறுது. முழுங்கிக்கிட்டு ஜன்னலப் பாத்துக்கிறேன். நீங்க எதை விட்டீங்க?"

வடையை விட்டேன் என்று சொல்லும் அளவுக்கு நான் மோசமில்லை. நினைத்தேன், சொல்லவில்லை.

மாவுக் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு, பூச அன்னதானக் கணக்கை நீங்கள்தானே எழுதுகிறீர்கள், ஓர் இலைக்கு என்ன ஆகிறது என்றாள். இலை என்றால் ஒருவர் வயிறாரச் சாப்பிடும் சாப்பாடு. அரிசி, பருப்பு, காய், எண்ணெய், விறகு, எல்லாம் போட்டு இருபத்தைந்து ரூபாய் என்று நானே கண்டுபிடித்து எழுதி வைத்த எண் அது. சொன்னேன்.

"ஒரு உசுருக்கு ஒரு இலை. வீட்டுப் பணத்துல இல்ல. மீனுக்குச் சேத்தீங்கல்ல, அந்த மாதிரி சேத்துப் போடணும்."

பன்னிரண்டாயிரத்து எழுநூற்று எழுபத்தைந்து. மீனுக்கும் தொட்டிக்குமே அதைவிட ஐந்நூற்று எழுபத்தைந்துதான் கூடுதல்.

உடனே மந்தாரக்குப்பம் போனேன், மீனைச் சும்மாவே கொடுத்துவிடலாம் என்று. ஏழுமலையின் ஷட்டர் இறங்கியிருந்தது. கான்ட்ராக்ட் முடிந்து திருப்பூர் பக்கம் போய்விட்டான் என்றார் பக்கத்து டீக்கடைக்காரர். கடலூரில் ஒரு கடை இருக்கிறது, அங்கே கொடுக்கலாம் என்று கோமதியிடம் சொன்னேன். அங்கே போய் அது தின்பதும் உயிரில்லையா, நீங்கள் வளர்த்ததுதானே, கணக்கு நம் பேரில்தான் என்றாள். குளத்தில் விட்டால்? குளத்தில் இருப்பதையெல்லாம் தின்னும். எந்தப் பக்கம் கூட்டினாலும் விடை என் தலையில் வந்து விழுந்தது.

மீனைச் சைவமாக்கப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். சப்பாத்தி மாவு, பனீர், ஊறவைத்த சோயா உருண்டை. நூலில் கட்டி உயிருள்ளதுபோல ஆட்டிக்கூடக் காட்டினேன். ஒன்பது நாள் தொடவில்லை. வயிறு ஒட்டி, அந்தத் திரும்பல் தள்ளாடியது. ஏற்கெனவே பத்து மாதம் அதன் வயிற்றில் அடித்தவன் நான். பத்தாம் நாள் கோமதியே, "அதையும் கொல்லப் போறீங்களா? ஒரு நாளைக்கு மூணு. அதுக்கு மேல வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று என்றால் எழுபத்தைந்து ரூபாய். அறுபது நாள் இது நடந்தது. அந்த அறுபது நாளும் அவள் கூடத்தில் உட்காரவில்லை. சாமி விளக்கைச் சமையலறைக்கு எடுத்துப்போனாள்.

நவம்பர் 14, மழை விட்ட மாலை, ஏழு மணி. கூடத்து டியூப் லைட்டில் ஈசல் அடைஅடையாக வந்து மொய்த்தது. தொட்டி மேல் இருந்த அட்டை, ஐந்து மாத ஈரத்தில் கூழாகத் தொய்ந்திருந்தது. நான் பின்கட்டில் இருந்தேன். ஈரத் துணியைத் தரையில் அறைந்ததுபோல ஒரு சத்தம். ஓடி வருவதற்குள் அடங்கிவிட்டது. அட்டை கிழிந்திருந்தது. அலமாரிக்கு அடியில் கிடந்தது, பதினாறரை அங்குலம், வாலோடு. உடம்பெல்லாம் ஈசல் இறக்கை ஒட்டியிருந்தது. தூசியும் சவ்வும் சேர்ந்து, பார்க்கச் சகிக்கவில்லை. வெள்ளி ஒன்றும் இல்லை, சோறு வடித்த கஞ்சியின் நிறம். அதற்குள் எறும்பு வரிசை வந்துவிட்டது. கோமதி எறும்பை விரட்டவில்லை.

"இதையும் சேத்துக்கோங்க" என்றாள்.

இருநூற்று எண்பது ரூபாய் மூடி.

ஆக அறுநூற்றுத் தொண்ணூற்று இரண்டு இலை. டிசம்பரிலிருந்து மறுபடியும் வடை இல்லை, ஸ்கூட்டர் இல்லை, செய்தித்தாள் இல்லை. ஷூவை மட்டும் விற்கவில்லை. மாதம் எண்ணூற்றைம்பது, முப்பத்துநாலு இலை. மாதப் பூசம்தோறும் நானும் கோமதியும் பிளாக் குழுவோடு வடலூர் போய், எங்கள் பங்குக்குச் சாதம் போட்டோம். அவளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அமைதியாகப் பரிமாறுவாள். நான்தான் தலை நிமிராமல் இலைகளை எண்ணிக்கொண்டே போவேன். வரிசையாக உட்கார்ந்து பசியோடு சாப்பிடும் மனிதர்கள், அவர்கள்மேல் எனக்கு என்ன கோபம்? ஆனால் அப்பளம் நொறுங்கும் சத்தம் வரிசையின் கோடியிலிருந்து தொடங்கி என்னை நோக்கி வரும். ஒவ்வோர் இலை நுனியிலும் ஒரு மீசை ஆடும். பதினெட்டு பூசம் பரிமாறினேன். ஒரு பூசத்திலும் நான் அங்கே சாப்பிடவில்லை, முடியவில்லை. கோமதி ஒவ்வொரு முறையும் சாப்பிட்டாள்.

2016 மே மாதக் கடைசியில் ரிட்டயர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது தொட்டி இரண்டாயிரத்துக்குப் போனது. எண்பது இலை. அந்த மாதத்தோடு கணக்கு தீர்ந்தது. அன்று இரவு சாப்பாட்டில் கோமதி எனக்கு ஒரு வடை வைத்தாள். கடித்தேன், மொறுமொறுவென்று சத்தம் வந்தது, வைத்துவிட்டேன்.

அந்த வரிசைக் குவார்ட்டர்ஸில் இப்போது யாரும் இல்லை. போன மாதம் அந்த வழியாகப் போனபோது பார்த்தேன், வாசலில் எருக்கஞ்செடி ஆள் உயரம், பின்பக்கச் சாக்கடையில் ஈரமே இல்லை, கரப்பானுக்குக்கூட அங்கே வேலையில்லை. ஏழுமலையின் கடையில் போன் கவர் விற்கிறார்கள். அவன் எங்கே இருக்கிறானோ, எட்டாம் நம்பர் ஷூ தேய்ந்திருக்கும். அதிகாரியின் அறைத் தொட்டியை, அவர் மாற்றலாகிப் போன வாரமே எடுத்துவிட்டார்களாம். சம்பளச் சீட்டு இப்போது வேலையில் இருக்கும் பையன்களுக்குக் கைபேசியிலேயே வருகிறது. அதற்குப் பின்பக்கம் கிடையாது.

என் கடைசிச் சீட்டின் பின்பக்கத்தை இன்று காலை கோமதியிடம் நீட்டினேன். மீன், தொட்டி, மோட்டார் வகையில் 13,350. இலை 692க்கு 17,300. தொட்டி விற்ற வரவு 2,000 கழிக்க வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தாள். காலையில் உயிரோடு வெளியே விட்டேனே ஒன்று, அதற்கு இருபத்தைந்து கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"கழியாது" என்றாள்.

ஆக, ரூபாய் 28,650.